மூன்றாம் பத்தின் பச்சை

ஜூலை 6, சனி

கவினின் பார்சல் வந்துவிட்டது. சின்ன டப்பாவாக இருக்கும் என்று நினைத்தேன். மிக்ஸி வந்த பெட்டி அளவுக்கு இருக்கிறது. உள்ளே நாற்பது ஓர்க்குகள், ஆங்கிலக் கதைகளில் வரும் பச்சைத்தோல் அரக்கர்கள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் உயரம், சாம்பல் நிற பிளாஸ்டிக். கோரைப்பல், கூன் முதுகு, கையில் கோடரி. எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன.

கவின்பிரசாத் என் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முப்பது வயதாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப்பில் பெரிய மேசைமேல் இந்தப் பொம்மைகளை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் விளையாடுகிறான். ஆகஸ்ட் நான்காம் தேதி அங்கே போட்டி. அணியில் ஒருவன் விலகியதால் இவனுக்கு முதல்முறையாக இடம் கிடைத்திருக்கிறது. வர்ணம் பூசாத பொம்மையை மேசையில் வைக்கக் கூடாதாம்.

"அக்கா, நான் ரெண்டு அடிச்சுப் பார்த்தேன். ரெண்டும் புதினா சட்னில விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்குது."

"நாப்பதை நான் எப்படிடா அடிப்பேன்? எனக்கு வேலை இல்லையா?"

"நீ கலர்லயே குடியிருக்கறவ. உனக்கென்ன."

அது பொய்யில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாய லேபில் பத்து வருடமாக இருக்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு துணித்துண்டு அனுப்புவார். அதே நிறத்தை எங்கள் துணியில் கொண்டுவர வேண்டும். வலது கண்ணைச் சற்று இடுக்கி, இடது கண்ணால் பார்ப்பேன். பழக்கம். மெஷின் அளந்து சொல்வதற்குள் நான் சொல்லிவிடுவேன். 'ரேணுகா மேடம் ஓகே சொல்லிட்டாங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் மேனேஜர் பழனிவேல் சார் சாயத்தொட்டியைத் திறக்கவே விடுவார்.

கம்பெனி கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது. கலவையை இதில் எழுதி வைக்கிறேன். நாற்பதும் ஒரே பச்சையில் வர வேண்டுமே.

ஜூலை 7, ஞாயிறு

மொட்டைமாடியில் ஸ்ப்ரே அடித்தோம். இந்த மேல்காற்றில் அடித்திருக்கவே கூடாது. வீட்டுக்காரர் பழைய கதவுப்பலகையைத் தூக்கிப் பிடித்துக் காற்றை மறைத்தார். முதலில் முழுக்கக் கருப்பு. அது காய்ந்ததும் வெள்ளையை மேலிருந்து மட்டும், சாய்வாக, ஒரே வீச்சு. மதிய வெயில் விழுகிற இடத்தில் வெள்ளை விழும். தாடைக்கடியிலும் அக்குளிலும் கருப்பு நிற்கும். வெளிச்சமும் நிழலும் ஆளுக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு மேலே பச்சையை நீர்க்கப் பூசினால் போதும்.

"ரேணு, என் வேட்டிக்கும் கருப்பு அடிச்சுட்டே. அப்படியே ரெண்டு பல்லும் வெச்சிரு, நானும் பெங்களூர் போறேன்" என்றார்.

ஜெகதீசன் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படித்தான் பேசுவார். தையல் மெஷின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளரிடமும் இதே பேச்சுதான்.

ஜூலை 8, திங்கள்

முதல் பத்து முடிந்தது.

ஒரு பொம்மையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் கதை நடக்காது. பத்தையும் வரிசையாக நிறுத்தி, பத்துக்கும் பச்சை; பத்துக்கும் அடுத்தது. பச்சையில் இரண்டு பங்கு தண்ணீர், நிறம் திட்டாகாமல் பரவ, மெழுகெண்ணெய் மாதிரியான மீடியம் ஒரு துளி. பிரஷ்ஷில் நிறைய எடுத்து ஒரே தடவை இழுத்துவிட வேண்டும்; திரும்பத் தொடக் கூடாது. வெள்ளைமேல் பட்ட இடம் இளந்தளிராக எழும்புகிறது. கருப்புமேல் பட்ட இடம் பாசி பிடித்த கிணற்றுச் சுவர். ஒரே பாட்டில், இரண்டு பச்சை.

காய்ந்த பிறகு பழைய பிரஷ்ஷில் மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. பிரஷ்ஷை டிஷ்யூவில் துடைத்துத் துடைத்து, பெயிண்ட்டே இல்லை என்று தோன்றும்வரை துடைத்துவிட்டு, மூக்கு, புருவம், தோள்பட்டைமேல் லேசாகத் தேய்த்தேன். கடைசியில் உதட்டிலும் மூக்கு நுனியிலும் விரல்முட்டியிலும் தண்ணீராய்க் கரைத்த சிவப்பு, ஒரு சொட்டு. அதுதான் உயிர். சிவப்பு இல்லாதவரை பிளாஸ்டிக். வைத்தவுடன் உள்ளே ரத்தம் ஓடுகிற தோல்.

கவினுக்குப் படம் அனுப்பினேன். பதிலாகப் பதினேழு கும்பிடு போட்டிருந்தான்.

ஜூலை 10, புதன்

இடது கண்ணைத் திருப்பினால் உள்ளே வலி. சாயத் தூசி விழுந்திருக்கும். கழுவினேன். ரேஷன் கார்டில் முகவரி மாற்ற வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

ஜெர்மன்காரருக்கு ஒரு அரக்கு நிறம். இந்த வாரத்தில் மூன்றாவது முறை. நான் பார்த்தால் செத்துப்போன நிறமாக இருக்கிறது. மெஷின் பாஸ் என்கிறது. "சிவப்பு ஏத்துங்க" என்றேன்.

மகேஸ்வரி எனக்கு அடுத்து இருப்பவள். நான் படித்த அதே பாலிடெக்னிக், எனக்கு நான்கு வருடம் பின்னால். "மெஷின் சரிங்குதுங்க்கா" என்றாள்.

"மெஷினா துணி போடப் போகுது?"

மெஷின் சர்வீஸ்காரரை வரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 13, சனி

இரண்டாம் பத்து. பச்சை பாட்டில் மட்டமான சரக்கு. எவ்வளவு குலுக்கினாலும் எழும்பவில்லை. தண்ணீரைக் குறைத்தேன். மஞ்சளைக் கூட்டினேன். பரவாயில்லை. உதட்டுச் சிவப்பையும் இரண்டு சொட்டாக்கினேன்.

வலி குறைந்திருக்கிறது. ஆகவே தூசிதான்.

ஜூலை 14, ஞாயிறு

விளக்குதான் காரணம். மேசை விளக்கின் பல்பு பழசாகி மஞ்சளடித்துவிட்டது. புது பல்பு வாங்கி மாட்டினேன். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "பழசு நல்லாத்தானே எரியுது?" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி.

புது வெளிச்சத்திலும் பெரிய மாற்றமில்லை. இன்னொரு கடையில் வேறு பச்சை வாங்கினேன். பீரோவைத் துடைத்தேன், அடுக்களைச் சாமான்களை இறக்கிக் கழுவி ஏற்றினேன், திரைச்சீலைகளை நனைத்துப்போட்டேன். உட்கார முடியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

சர்வீஸ்காரர் வந்தார். மெஷினில் கோளாறு எதுவும் இல்லையாம். அந்த ஆளுக்கு அனுபவம் போதாது.

ஜூலை 18, வியாழன்

இன்று லேபில் கத்திவிட்டேன். எழுதிவிட்டால் குறையுமா பார்க்கிறேன்.

ஜெர்மன்காரர் அரக்கு நிறத்தைப் பாஸ் செய்துவிட்டார். எனக்குச் சந்தோஷம். நான் சொன்ன அளவுதானே? ஃபைலில் ஒட்ட ரெசிபித்தாளை எடுத்தால், நான் எழுதிய எண்களுக்கு மேல் கோடு போட்டு வேறு எண்கள் இருந்தன. மகேஸ்வரியின் கையெழுத்து. அதற்கு முன்னால் போன பழுப்பிலும் அப்படியே. அதற்கும் முன்னால் போன ஆரஞ்சிலும்.

"என்ன இது?"

அவள் பீக்கரைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னதுல சிவப்பு ரொம்பக் கூடிப்போச்சுங்க்கா. துணி தீயாட்டம் வந்துச்சு. மெஷின்லயும் ஃபெயில் ஆச்சு. அதான் பழைய அளவுக்கே மாத்திப்போட்டு அனுப்பினேன்."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா?"

"மொத நாள் சொன்னனுங்களே. மெஷினா துணி போடப் போகுதுன்னீங்க."

"எத்தனை நாளா இப்படிப் பண்ற?"

"ஒரு வாரமாங்க்கா."

என் பின்னால் ஒரு வாரமாக என் வேலையைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். என் நாற்காலி மேல் கண் என்று நினைத்தேன். அதைச் சொல்லியும்விட்டேன், தொட்டிக்காரர்கள் எல்லாம் கேட்கும்படி. அவள் கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே வந்து நின்று, "அக்கா, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

அந்தக் கேள்விக்குத்தான் எனக்கு அப்படிக் கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

மூன்றாம் பத்து முடிந்தது. இதுதான் நன்றாக வந்திருக்கிறது. கடைசியில் பச்சையைப் பிடித்துவிட்டேன். தண்ணீரே விடாமல் பச்சை, மேலே எலுமிச்சை மஞ்சள், அதற்கு மேல் இன்னொரு முறை மஞ்சள். உதட்டுக்கு நேராகக் குங்குமச் சிவப்பு.

கவினுக்குப் படம் போட்டேன். கும்பிடு வரவில்லை. போன் வந்தது.

"அக்கா, இந்தப் பத்து வேற கூட்டமா?"

"என்ன வேற கூட்டம்?"

"இல்ல, கலர் வேறயா இருக்குதே. மொத பத்து காட்டுல நிக்கற மாதிரி இருந்துது. இது வந்து... ரோட்டுல வேலை செய்யறவங்க போடுவாங்கல்ல, மின்னற சட்டை, அப்படி இருக்குது. நல்லாத்தான் இருக்குது. ஆனா வேற."

"உன் போன் சரியில்ல."

"ரெண்டு படமும் ஒரே போன்லதானே பார்க்கறேன்?"

வேண்டுமென்றால் நீயே அடித்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் முப்பதையும் ஜன்னலோரம் வரிசையாக நிறுத்தினேன். முதல் பத்து, இரண்டாம் பத்து, மூன்றாம் பத்து. எப்போதும்போல வலது கண்ணை இடுக்கிப் பார்த்தேன்; எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

வலது கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தேன்.

துணி மடிக்க நிறைய இருந்தது.

ஜூலை 22, திங்கள்

லீவு சொன்னேன். தலைவலி என்றேன். தோசைக்கு ஊறப்போட்டேன். பக்கத்து வீட்டுக்காரம்மா காய்ந்த மிளகாய் கேட்டு வந்தார். கிண்ணத்தில் அள்ளிக்கொடுக்கும்போது ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

லேபுக்குப் போனேன். மகேஸ்வரியிடம், "எல்லாத்தையும் மெஷின்லயே பார்த்துக்க" என்றேன். "சரிங்க்கா" என்றாள். நாள் முழுக்க ஃபைல் அடுக்கினேன்.

ஜூலை 24, புதன்

சாயங்காலம் அவர் கடையிலிருந்து வரும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறினார். அவருடைய வண்டியின் டேங்க் சிவப்பு. நான் ஒரு கையால் இடது கண்ணைப் பொத்தினேன். எடுத்துவிட்டு வலது கண்ணைப் பொத்தினேன். திரும்ப இடது. எத்தனை முறை செய்தேனோ. திரும்பினால் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிலேயே நிற்கிறார்.

"என்ன பண்றே?"

"டேங்க்ல கீறல் இருக்கு. அதைப் பார்த்தேன்."

"அது ஒரு வருஷமா இருக்குது."

நான் உள்ளே போகப் பார்த்தேன். அவர் வழிவிடவில்லை. விளையாட்டுப் பேச்சு எதுவும் வரவில்லை. இந்த எட்டு வருடத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"ரேணு, பேப்பர் படிக்கறப்போ ஒத்தைக் கண்ணை மூடிக்கறே. டிவி பார்க்கறப்போ மூடிக்கறே. கேட்டா நீ எரிஞ்சு விழுவேன்னு சும்மா இருந்தேன். இப்போ கேக்கறேன். என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. இந்தக் கண்ணுல சிவப்பு கொஞ்சம் கம்மியாத் தெரியுது."

"கொஞ்சம்னா?"

"இந்தக் கண்ணுக்கு உங்க வண்டி சிவப்பு. இதுக்குப் பழுப்பு. நடுவுல ஒரு மாதிரிப் புகை."

அவர் செருப்பைக் கீழே வைத்தார். போனை எடுத்துக் கோயமுத்தூர்க் கண் ஆஸ்பத்திரியில் நாளைக் காலைக்கு நேரம் வாங்கினார். அதன்பிறகு போன் திரையில் எதையோ தேடிப் படித்துக்கொண்டே இருந்தார். என்ன படிக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான் போய் எதையும் தேடவுமில்லை.

ஜூலை 25, வியாழன்

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு கண்ணிலும் மாறிமாறி டார்ச் அடித்தார். எழுத்துப் பலகை பார்த்தேன். வலது கண்ணில் கடைசி வரிவரை படித்தேன், இடது கண்ணில் பாதியில் நின்றுவிட்டேன். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சொட்டுமருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"வலது கண்ணால பாருங்க. இந்தச் சிவப்புக்கு நூறு மார்க். இப்போ இடது கண்ணால பாருங்க. எத்தனை போடுவீங்க?"

"நாப்பது" என்றேன். "மஞ்சள் பக்கம் சாஞ்சிருக்கு. பழுப்பு கலந்திருக்கு. வெளிச்சம் அதிகம் குறையல, சாயம்தான் வெளுத்திருக்கு. ஓரத்துல பார்த்தா அம்பத்தஞ்சு வரைக்கும் போடலாம்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இவ்வளவு விவரமா எங்கிட்ட யாரும் சொன்னதில்லையே. என்ன வேலை பாக்கறீங்க?"

நான் பைக்குள் கைக்குட்டையைத் தேடினேன். வீட்டுக்காரர்தான் சொன்னார், "கலர் பார்க்கற வேலைங்க டாக்டர்" என்று.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வீக்கமாம். ஸ்டீராய்டு ஏற்ற வேண்டும், மூன்று நாள் இங்கேயே தங்க வேண்டும், மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும். "பெரும்பாலும் பார்வை திரும்பிடும். கலர் முழுசா வருமான்னு இப்போ சொல்ல மாட்டேன்" என்றார்.

"எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"நாலு நாள் முன்னாடி" என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "ரெண்டு வாரம் இருக்கும்ங்க. வீட்டுல பல்பு மாத்தினப்போ" என்றார்.

ஜூலை 26, வெள்ளி

மருந்து ஏறுகிறது. வாயில் இரும்பு ருசி. இடது கையில் ஊசி இருப்பதால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மருந்து அப்படித்தான் செய்யுமாம். ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறேன். சுவருக்குப் பாதி உயரம் பச்சை பெயிண்ட். நடந்துகொண்டே ஒரு கண்ணை மூடுகிறேன், திறக்கிறேன்.

கவின் மூன்று முறை கூப்பிட்டான். வேலை அதிகம் என்று அவரைச் சொல்லச் சொன்னேன்.

ஜூலை 27, சனி

ஸ்கேன் வந்தது. மூளையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. ஒன்றே ஒன்று.

"இது திரும்பத் திரும்ப வர்ற ஒரு வியாதியோட ஆரம்பமா இருக்கலாம். இதோட நின்னும் போகலாம். ஒரு புள்ளியை வெச்சு நான் பேர் வைக்க மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா.

"அதுவரைக்கும் என்னங்க பண்றது?" என்று அவர் கேட்டார்.

"எல்லாம் பண்ணலாம். வேலைக்குப் போகலாம், வண்டி ஓட்டலாம், பார்வை தெளிஞ்சப்புறம். பயந்துட்டு உக்காந்திருக்க மட்டும் வேண்டாம்."

சொல்வது சுலபம். அவர் கீழே போய் எனக்குப் பிடிக்கும் என்று முறுக்கு வாங்கி வந்தார். அதுவும் இரும்பாகத்தான் இருந்தது. முழுதையும் தின்றேன்.

ஜூலை 30, செவ்வாய்

நேற்றுதான் வீட்டுக்கு வந்தோம். இன்று காலை முன்னறிவிப்பில்லாமல் கவின் வந்து நின்றான். பஸ்ஸில் வந்த முகம், தோளில் பை. பொம்மைகளை வாங்கிப்போக வந்தானாம். என் கையில் பிளாஸ்திரியைப் பார்த்தான். அவர் மறைக்கத் தெரியாதவர். மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கவின் சோபாவில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தான்.

"நான் போன்ல கலர் வேறன்னு சொன்னேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ போட்டிக்குப் போறவன்."

"போட்டியா முக்கியம்? நான் பாட்டுக்கு ரோட்டு வேலைக்காரன் சட்டை, அது இதுன்னு சிரிச்சுட்டு இருந்திருக்கேன்."

அழுவானோ என்று பயந்தேன். சின்ன வயதிலிருந்து இவன் அழுதால் எனக்கும் வந்துவிடும். எழுந்து மேசைக்குப் போனேன். மருந்து ஏறிய பிறகு இடது கண்ணில் புகை குறைந்திருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தேன். மூன்றாம் பத்து அப்படியே கத்திக்கொண்டு நின்றது. எவ்வளவு அசிங்கம். பிளாஸ்டிக் மக்கில் பெயிண்ட் உரிக்கும் திரவத்தை ஊற்றி, அந்தப் பத்தையும் கையில் அள்ளினேன்.

கவின் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். "என்ன பண்ற?"

"உரிச்சுட்டு மறுபடி அடிக்கறேன்."

"ஒண்ணும் வேண்டாம். கீழ வை."

"எல்லாரும் பார்ப்பாங்கடா. யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க."

"எங்க அக்கா அடிச்சதுன்னு சொல்லுவேன். அக்கா, இன்னும் பத்து மொட்டையா நிக்குது. நாலு நாள்தான் இருக்குது. அதை முடிக்கலாமா, இதை உரிக்கலாமா?"

பத்தையும் மேசையில் திரும்ப வைத்தேன். அவர் அடுக்களையிலிருந்து, "கடைக்காரன் ஒருத்தன் சும்மா இருக்கறேன், எனக்கும் ஒரு பிரஷ் குடுங்க" என்றார்.

மூவரும் உட்கார்ந்தோம். இடது கண்ணைப் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு நான் பச்சை கலந்தேன். முதல் பத்தின் பச்சை. இரண்டு பங்கு தண்ணீர். கவின் பூசினான். அவர் கோடரிகளுக்கு இரும்பு நிறம் அடித்தார். கவினுக்குக் கை நிற்காது, திரும்பத் திரும்பத் தொடுவான். தொட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாக வந்தது. அவர் கோடரியோடு சேர்த்து விரல்களுக்கும் இரும்பு அடித்துவிட்டார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். கடைசியில் உதட்டுச் சிவப்பை மட்டும் நானே வைத்தேன். வலது கண்ணால். ஒரு சொட்டு.

ஆகஸ்ட் 1, வியாழன்

லேபுக்குப் போனேன். பழனிவேல் சாரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுக்கென்னுங்க ரேணுகா, ஆபீஸ்ல சீட் இருக்குது. பையருக்கு மெயில் போடற வேலை. நல்லாகற வரைக்கும் அங்க உக்காருங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த அறையின் ஜன்னலில் கருப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. நாளெல்லாம் டியூப்லைட். அங்கே போனால் நான் திரும்பி வரமாட்டேன்.

"லேபுலயே இருக்கறனுங்க சார். ஆறு மாசத்துக்கு நான் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன். மகேஸ்வரியும் போடணும். மெஷின் பிரிண்ட்டும் ஒட்டணும். மூணும் ஒண்ணாச் சொன்னாத்தான் தொட்டிக்குப் போகணும்."

"மகேஸ்வரி ஒத்துக்குமா?"

கதவருகில் நின்றிருந்தாள். "அக்கா கத்தாம இருந்தாங்கன்னா சரிங்க சார்" என்றாள்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். அன்றைக்குத் தொட்டிக்காரர்கள் முன்னால் சொன்னதை வைத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "அந்த ஆலிவ் நிறம் பையருக்கு இன்னிக்குப் போகணுங்க்கா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

அவள் ஒரு மாதிரி சொன்னாள், நான் ஒரு மாதிரி சொன்னேன், மெஷின் மூன்றாவதாக ஒன்று சொன்னது. மத்தியானம்வரை சண்டை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பெங்களூர். திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

பெரிய கூடம், பத்துப் பன்னிரண்டு மேசை. ஒவ்வொரு மேசையிலும் மலை, இடிந்த கோட்டை, பஞ்சால் செய்த புகை. எல்லார் படையும் அப்படி ஒரு நேர்த்தி. எனக்குக் கால் நிற்கவில்லை. தேநீர் குடித்தேன், வெளியே போனேன், உள்ளே வந்தேன். அவர் மட்டும் ஒவ்வொரு மேசையாகப் போய், "இது என்னங்க, டிராகனா? என்ன சாப்பிடும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கவின் முதல் ஆட்டத்தில் தோற்றான். இரண்டாவதில் ஜெயித்தான். மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்கு எதிரே ஒரு பெண். பெனிட்டா என்று பெயர், கோலார் பக்கத்துத் தமிழ்ப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். அவளுடையது எலும்புக்கூட்டுப் படை. கவின் தன் ஆட்களை நிறுத்தினான். மூன்றாம் பத்தைக் கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னால், நட்டநடுவில் நிறுத்தினான். ஓரத்தில் வைக்கச் சொல்லி அத்தனை முறை சொல்லியிருந்தேன்.

பெனிட்டா பகடையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். ஒன்றை எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பச்சை எப்படிக் கொண்டுவந்தீங்க? நான் எத்தனையோ பேர் அடிச்சதைப் பார்த்திருக்கேன், இப்படி யாரும் துணிஞ்சு அடிக்க மாட்டாங்க. பத்தடி தள்ளி நின்னாலும் கண்ணு இதுமேலதான் போகுது."

கவின் என்னைக் காட்டினான். "அக்காதான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். தண்ணீர் விடாத பச்சை, மேலே எலுமிச்சை மஞ்சள் இருமுறை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைத்தான் கேட்டாள்.

"எனக்கு இடது கண்ணுல கலர் போயிட்டிருந்துச்சுங்க. அது தெரியாம, பெயிண்ட்தான் சரியில்லைன்னு நெனச்சு ஏத்திக்கிட்டே போனேன்" என்றேன். பிறகு, "கொஞ்சம் தெரிஞ்சிருந்துச்சு" என்றேன்.

கவின் தலையைத் தூக்கவில்லை. பகடைகளை வரிசையாக அடுக்கினான்.

பெனிட்டா அந்த ஓர்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இப்போ?"

"மருந்து ஏத்தினாங்க. திரும்பிட்டு இருக்கு. முழுசா வருமான்னு தெரியாது."

"அப்போ இந்தக் கலரை மறுபடி உங்களால அடிக்க முடியாதா?"

"முடியக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்."

அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள், உடனே சிரித்ததற்குப் பயந்து வாயைப் பொத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த மாதத்தில் முதல்முறை. அவர் எங்கிருந்தோ ஓடி வந்தார், என்ன, என்ன என்று.

ஆட்டம் தொடங்கியது. எலும்புக்கூடுகள் வில்லாளிகள். அவ்வளவு பளிச்சென்று முன்னால் நின்றால் வேறு யாரை அடிப்பார்கள்? முதல் சுற்றிலேயே என் பத்துப் பேரும் விழ ஆரம்பித்தார்கள். விழுந்த ஆட்களைப் பெட்டியில் போடுவதுதான் வழக்கம். கவின் பெட்டிப் பக்கம் போகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னால் கையை நீட்டி என் கையில் வைத்தான். ஒன்று, இன்னொன்று, இரண்டு சேர்ந்தாற்போல். கை நிறைந்ததும் முந்தானையில் வாங்கிக்கொண்டேன்.

கடைசி ஆளும் வந்து சேர்ந்தபோது மேசையின் நடுவில் பெரிய வெற்றிடம். அதற்குப் பின்னால் மற்ற முப்பது பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றார்கள், அவர் இரும்பு அடித்த விரல்களோடும் கவினின் திட்டுத்திட்டான தோளோடும். கவின் அளவுகோலை எடுத்துத் தூரம் பார்த்தான்.

"இப்போ எங்க முறை" என்றான்.